ஆயிரம் மைலுக்கு ஒரு சுற்று

விழுப்புரம்,
விரோதி வருஷம், சித்திரை மாதம், புதன்கிழமை.

திண்டிவனம் ஹைஸ்கூலில் பூகோள வாத்தியாராக இருந்து, உலகத்தை ஒற்றை விரலால் சுழற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டிவரும் மைத்துனர் விருத்தாசலம் அவர்களுக்கு, விழுப்புரம் மல்லாட்டை மண்டி அப்பாதுரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உம் தங்கை கோவிந்தம்மாளும், களத்தில் காய்கிற மல்லாட்டையும் (உம் பாடப் புத்தகத்தில் நிலக்கடலை) ஆண்டவன் தயவில் சௌக்கியம். அங்கு உம்முடைய சௌக்கியத்தையும், உம் வீட்டம்மாளின் சௌக்கியத்தையும், உம்முடைய கண் பார்வையின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். கண் பார்வையைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மகன் ராஜாமணியைச் சர்க்கார் மூன்று வருஷத்துக்கு முன் மின்சாரப் படிப்புக்காக லண்டனுக்கு அனுப்பியதும், அவன் கப்பலில் போனதும் உமக்குத் தெரிந்ததே. இப்போது மதராஸில் உத்தியோகம் தயாராக இருக்கிறது, சீக்கிரம் வந்து சேர் என்று அதே சர்க்கார் அவனுக்கு ஆகாய விமானத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை லண்டனில் ஏறுகிறான், சனிக்கிழமை இரவு பம்பாயில் இறங்குகிறான். இந்தச் செய்தி வந்த அன்றே உம் தங்கை என்னைக் கேட்காமல் உமக்குக் கடிதம் எழுதி, ஏரோப்ளேன் பயமில்லாத வண்டிதானா என்று விசாரித்தாள். நீர் "பயப்படாதே" என்று ஒரு வார்த்தை எழுதி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினீரா? "லண்டனுக்கும் பம்பாய்க்கும் நடுவே ஆகாச மார்க்கமாக ஏறக்குறைய ஐயாயிரம் மைல், அத்தனையும் ஒன்றரை நாளுக்குள் தாண்டிவிடும், ஆகவே பயப்படாதே" என்று எழுதினீர். ஐயாயிரம் மைல் அந்தரத்தில் என்று படித்துவிட்டு எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்? உம் கடிதத்தை மடியில் முடிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, நேரே மயிலம் மலைக்குப் புறப்பட்டாள்.

அங்கே சந்நிதியில் கற்பூரம் காட்டுகிற நேரத்தில், கூட்டமெல்லாம் கேட்கும்படி அவள் வேண்டிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். "அப்பனே முருகா, எம் புள்ள ஆகாசத்துல வந்துக்கினு இருப்பான். பத்திரமா கொண்டாந்து எறக்கிடு. அவன் வர்ற ஒவ்வொரு ஆயிரம் மைலுக்கும் அவங்கப்பா ஒன்ன ஒரு சுத்து உருண்டு வருவாரு." நான் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். 'அவங்கப்பா' என்பது யார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்ததும், "வேண்டிக்கிறது நீ, உருள்றது நானா?" என்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புள்ள ரெண்டு பேருக்கும்தானே? பத்து மாசம் நான் சொமந்தேன். அஞ்சு சுத்து நீங்க உருளக் கூடாதா?" என்றாள்.

மச்சான், அங்கப்பிரதட்சிணம் என்பதை நீர் தூரத்தில் நின்று பார்த்திருப்பீர். ஈர வேட்டியோடு கல் தளத்தில் படுத்து, பிராகாரம் முழுவதும் உருண்டு வரவேண்டும். சித்திரை வெயிலில் அந்தக் கல் எப்படிக் காயும் என்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் உடம்போ மண்டித் தராசில் ஏறி நின்றால் இரண்டு மூட்டைக்கு மேலே காட்டுகிறது. ஒரு சுற்று உருண்டால் என் பக்தி வெளிப்படும். இரண்டு உருண்டால் என் எலும்பு வெளிப்படும். ஐந்து சுற்று என்றால் ராஜாமணி வந்து இறங்குகிறபோது அவனை வரவேற்க அவன் தாயார் மட்டும்தான் இருப்பாள்.

முப்பது வருஷமாக மண்டி நடத்துகிறேன். யார் வந்து எதைச் சொன்னாலும் முதல் பேச்சிலேயே ஒப்புக்கொண்ட வழக்கம் எனக்குக் கிடையாது. மல்லாட்டைக்கு ஒரு விலை சொன்னால் குறைத்துக் கேட்கிறோம். மாட்டுக்கு ஒரு விலை சொன்னால் குறைத்துக் கேட்கிறோம். தூரத்துக்கு மட்டும் சொன்னது சொன்னபடியா? அதனால்தான் போன வாரம் நான் உம்முடைய பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றேன். (வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ரயில் ஏறியவன், விக்கிரவாண்டியில் எதிர்வண்டிக்காகக் காத்து, மயிலத்தில் யாரோ ஒருவர் மூட்டை ஏற்றக் காத்து, உம்மூரில் இறங்கியபோது, அந்த நேரத்துக்குள் விமானமாக இருந்தால் ராஜாமணி இரண்டு ராஜாங்கத்தைத் தாண்டியிருப்பான்.) நீர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உலக உருண்டையை மேஜையின் மேல் வைத்து, ஒரு நூலை எடுத்து லண்டனில் ஒரு நுனியும் பம்பாயில் ஒரு நுனியுமாகப் பிடித்து, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்து, "நேர்வழின்னா நாலாயிரத்து நானூத்துச் சொச்சம் மாப்ள" என்றீர். எனக்கு ஒரு சுற்று குறைந்தது. உமக்குக் காப்பி வாங்கித் தரலாம் என்று நினைத்து எழுந்தேன். அதற்குள் நீர் நூலை மறுபடி எடுத்தீர்.

"ஆனா இது நேரா வராது. ஜெனிவாவுல எறங்குது, கெய்ரோவுல எறங்குது, அப்புறந்தான் பம்பாய்" என்று சொல்லி, நூலை வளைத்து வளைத்து வைத்து, மறுபடியும் என்னை ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டீர். "கொஞ்சம் இழுத்துப் புடியும், நூலு தொங்குது" என்று நான் சொன்னேன். "நூலு தொங்கல, உம்ம மொகந்தான் தொங்குது" என்றீர். அதன் பிறகு நீர் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை, நீரும் மறக்க வேண்டாம்: "தூரம்னா நாம ஆசைப்படுற வழி இல்ல மாப்ள. வண்டி போற வழி. ஏரோப்ளேன் எங்கெங்க போவுதோ அத்தனையும் தூரம்தான். அதுல ஒரு மைலு கொறைக்க எனக்கு அதிகாரம் கெடயாது." வாத்தியார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உம் தங்கை, நான் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லக் கேட்டுப் பூரித்துப் போனாள். உருளப் போகிறவன் நீரல்லவே.

உம்மை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், எங்கள் தெருவில் இருக்கிற தேவசகாயத்தைக் கேட்டேன். அவர் வெகுகாலம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, காது கொஞ்சம் மந்தமாகி, இப்போது ஓய்வாக இருக்கிறவர். ஆகாசம் அவருக்குத் தெரியாவிட்டாலும் தண்ணீர் தெரியும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர், "மொதலாளி, எந்த மைலு கணக்கு? ரோட்டு மைலா, கடல் மைலா?" என்று கேட்டார். மைலில் இரண்டு ஜாதி உண்டு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். கடல் மைல் பெரியதாம். ஆகவே எண்ணிக்கையில் குறையுமாம். ஏரோப்ளேன் ஓட்டுகிறவர்களும் கடல் மைலைத்தான் எண்ணுவார்களாம். சிலேட்டு எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். உம்முடைய நேர்வழி நூல், கடல் மைலில் மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்துக்கு வந்து நின்றது. முழு ஆயிரங்கள் மூன்றுதான்! தேவசகாயத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து உம் தங்கையிடம் சொன்னேன். அவள் கேப்பைமாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தாமலே கேட்டாள், கேட்டுவிட்டு, "எண்ணூத்துச் சொச்சத்த இன்னா பண்றது? முருகனுக்குச் சில்லறை பாக்கி வச்சிட்டு வர்றதா?" என்றாள். சரி, நாலு என்றே வைத்துக்கொள்வோம் என்று இறங்கி வந்தேன். "இருங்க, இன்னும் முடிக்கல. மைலு பெருசுன்னு சொல்றீங்க இல்ல? அப்ப சுத்தும் பெருசாத்தான் இருக்கணும். உள்ள வாணாம், வெளிப் பிராகாரத்துல உருளுங்க" என்றாள். அன்று சாயங்காலமே கடல் மைலைக் கைவிட்டேன்.

அப்புறம் எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. ஆபத்து என்பது தூரத்தில் இல்லை, நேரத்தில் அல்லவா இருக்கிறது? கப்பலில் போனபோது ராஜாமணி மூன்று வாரம் தண்ணீர்மேல் இருந்தான். அதற்கு இவள் வேண்டிக்கொண்டது ஒரே ஒரு தேங்காய். இப்போது ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல், அவ்வளவுதான் வழி. அப்படியானால் அரைத் தேங்காயோடு தீர வேண்டிய விஷயம் இது. மைல் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு வா என்று நயமாகச் சொன்னேன். கோவிந்தம்மாள் யோசித்தாள். அவள் யோசிக்கிறபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "நேரக் கணக்கும் நல்லாத்தான் இருக்குது. மணிக்கு ஒரு சுத்துன்னு வச்சிக்கலாமா?" என்றாள். ஜல்தியாக மைலுக்கே திரும்பி வந்துவிட்டேன். அதற்குள் அவள், லண்டன் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடுகிறதாமே, அந்த ஐந்தரை மணியை வழியில் யார் எடுத்துக்கொள்கிறார்கள், அதையும் சேர்த்துத்தான் உருள வேண்டுமா என்று வேறு கேட்டாள். இந்தக் கேள்வியை உம்மிடமே அனுப்புகிறேன்; நீரே அவளுக்குப் பதில் எழுதும், ஆனால் கூட்டல் கணக்காக எழுதாதேயும்.

மனைவியிடம் ஆகாத பேரத்தைத் தெய்வத்திடம் பேசிப் பார்ப்போம் என்று, கிருத்திகையன்று தனியாக மயிலம் போனேன். அங்கே குருக்களைப் பார்த்து, கொஞ்சம் ஒதுக்குப்புறமாக அழைத்து, மண்டி வழக்கப்படி அவர் கைமேல் என் துண்டைப் போட்டு, அதற்குள் என் கையை விட்டு அவருடைய மூன்று விரலைப் பிடித்தேன். எங்கள் தொழிலில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. விரலைப் பிடித்தால் எண்ணிக்கை விளங்கிவிடும், பக்கத்திலிருப்பவனுக்கும் தெரியாது. குருக்களுக்கு விளங்கவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு, "என்ன இது, கைய விடும் ஓய்! உமக்கு உடம்புக்கு ஏதாவது செய்யறதா?" என்று சத்தம் போட்டார். தரிசனத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெய்வம் விரல் மடக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

ஆக, உருளத்தான் வேண்டும் என்று ஆனபிறகு, பழகிக்கொள்வதில் தப்பில்லையே? நேற்று மத்தியானம் கூலியாட்கள் சாப்பிடப் போனபிறகு, களத்தில் மல்லாட்டையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு, படுத்து, உருண்டேன். மச்சான், மனுஷன் நேராக உருளுவான் என்று யாரும் உமக்குச் சொன்னால் நம்பாதேயும். நடுவே தொப்பை இருக்கிறது. தலைப்பக்கம் ஒரு கதியில் போகிறது, கால்பக்கம் வேறு கதியில் போகிறது. கண்ணை மூடி முருகா முருகா என்று உருண்டவன், கண்ணைத் திறந்தபோது மல்லாட்டைக் குவியலுக்குள் கழுத்துவரை இருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டியை மறந்து வைத்துவிட்டுப் போன கூலிக்காரி வீரம்மாள் திரும்பி வந்தாள். "அய்யய்யோ, மொதலாளி உழுந்துட்டாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் மற்ற பெண்களும் கையைக் கழுவாமலே ஓடிவந்தார்கள். "உழல, உருண்டுக்கினு இருக்கேன்" என்றேன். "இன்னாத்த தொலைச்சிட்டீங்க?" என்று கேட்டாள் வீரம்மாள். வேறு வழியில்லாமல் முழு விஷயத்தையும் சொன்னேன். சொன்னபிறகு அவர்கள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "தம்பிக்காவவா? அப்ப உருளுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று சுற்றிலும் நின்றுகொண்டு, பாரவண்டியைப் பின்னால் தள்ளுகிறவர்கள் போல, "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட! கைய தலைக்கு மேல கும்புட்டுக்கினு போங்க! தோ, செவுரு வருது!" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார்கள். அரைக் களம் உருண்டதற்குள் எனக்கு உலகம் உருண்டை என்பது நீர் சொல்லாமலே விளங்கிவிட்டது. இன்று காலையில் மூக்குப்பொடி போடக் கையைத் தூக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தையே இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனவே இப்போது உம்மைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீர் உடனே உம் தங்கைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். "முன்பு எழுதியது மேலோட்டமான கணக்கு, மறுபடி அளந்ததில் தூரம் நாலாயிரத்துக்கு உட்பட்டது" என்று இருந்தால் போதும். கீழே பூகோள வாத்தியார் என்று பெரிதாகக் கையெழுத்துப் போடும். அவள் என்னை நம்பமாட்டாள், தேவசகாயத்தை நம்பமாட்டாள், அண்ணன் எழுதினால் அது வேதம். உம்முடைய கண் கொஞ்சம் மங்கிவிட்டது, நூல் கொஞ்சம் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளும். உலகத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கோவிந்தம்மாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் வாசலில் நின்று ஆகாசத்தைப் பார்க்கிறாள். லண்டனிலிருந்து வருகிற விமானம் பம்பாயோடு நின்றுவிடும், விழுப்புரத்துக்கு மேலே பறக்காது என்று சொன்னால், "தெரியும், சும்மா பாக்குறேன்" என்கிறாள். பருந்து பறந்தாலும் கும்பிடுகிறாள். அவன் போனபோது தைத்துக் கொடுத்த சட்டை இப்போது சேருமா சேராதா என்று என்னைக் கேட்கிறாள். மூன்று வருஷமாக நாங்கள் இருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பயமொன்றும் இல்லை. விஞ்ஞானம் முன்னேறியிருக்கிறது. எனக்கு உள்ள பயமெல்லாம் மயிலத்துக் கல்லைப் பற்றித்தான்.

உம் வீட்டம்மாளுக்கு என் அன்பான விசாரிப்புகளைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எந்தப் படிப்பு வேண்டுமானாலும் படிக்கட்டும், பக்கத்து ஊரில் படிக்கட்டும். உமக்கு நூறு வயதும், உம்முடைய நூலுக்கு நல்ல புத்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உருளுவதற்குச் சித்தமாக இல்லாத
அப்பாதுரை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடித்து, ஒட்டுவதற்குள் மண்டிக்கு வண்டிகள் வந்துவிட்டதால் அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பிரித்து, மேலும் எழுதுகிறேன். மேலே கண்ட வேண்டுகோளை ரத்துச் செய்து கொள்ளவும்.

சனிக்கிழமை இரவு பம்பாயில் இறங்கி, ஞாயிறு காலையில் தந்தி கொடுப்பதாக ராஜாமணி எழுதியிருந்தான். ஞாயிறு முழுவதும் தந்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தந்தி ஆபீசில் ஆள் இருக்கமாட்டான் என்று உம் தங்கைக்குச் சொன்னேன். திங்கட்கிழமைப் பேப்பரில் கெய்ரோவில் மணற்புயல், அங்கே வந்துபோகிற விமானங்களைப் பற்றித் தகவல் இல்லை என்று நாலு வரி போட்டிருந்தான். தேவசகாயம் அதைப் படித்துக் காட்டிவிட்டு, பேப்பரை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இன்றைக்குப் பேப்பர் வரவில்லை என்றேன். எதையும் இரண்டு தடவை கேட்கிற கோவிந்தம்மாள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று மண்டிக்கு ஒரு வியாபாரி வந்து விலை சொன்னான். அவன் சொன்ன முதல் விலைக்கே சரி என்று தலையாட்டிவிட்டேன். அவனே பயந்துபோய், "உடம்பு சொகமில்லீங்களா?" என்று கேட்டான். எனக்குப் பயம் வந்துவிட்டது, மச்சான். பேப்பரை நீரும் பார்த்திருப்பீர். பார்த்துவிட்டு நீரும் எங்களுக்கு எழுதாமல் இருந்தீர் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று காலை முதல் வண்டிக்கு, விக்கிரவாண்டியில் விளைச்சல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மயிலம் போனேன். குருக்கள் என்னையும் என் தோளில் இருந்த துண்டையும் பார்த்து இரண்டடி பின்னால் போனார். "பயப்படாதீங்க சாமி, இன்னிக்கி பேரம் இல்ல" என்றேன். "பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்டார். "வரல. அதான் நான் வந்தேன்" என்றேன். குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு படுத்தேன். நேராகப் போனேனா, கோணலாகப் போனேனா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை மல்லாந்தபோதும் ஆகாசம் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. குருக்களும் இன்னொருவரும் தூக்கி உட்காரவைத்து மோர் கொடுத்தபோதுதான் நின்றுவிட்டேன் என்று தெரிந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது உம் தங்கை வாசலில் தந்தியோடு நின்றிருந்தாள். தேவசகாயம் பக்கத்தில் நின்று, அவளுக்காக நாலாவது தடவையாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "கெய்ரோவில் புயல். பாதி வழி வந்து திரும்பினோம். இன்று பம்பாய் சேர்ந்தேன். சுகம். ராஜாமணி." நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன், தேவசகாயம் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. கோவிந்தம்மாள் என் கையைத் தூக்கிப் பார்த்து, "விக்கிரவாண்டியில இன்னா வெளஞ்சிருக்குது, முழங்கையில?" என்று கேட்டாள். உள்ளே போய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். "எத்தினி சுத்து?" என்றாள். எண்ணவில்லை என்றேன். மற்ற முழங்கையிலும் தடவிவிட்டு, "எண்ணாம செஞ்சத நாம எண்ணக் கூடாதுங்க. உங்க கணக்கு தீந்துபோச்சி" என்றாள். முப்பது வருஷத்தில் அவளிடம் எனக்குத் தீர்ந்த முதல் கணக்கு இதுதான்.

"இனிமே எங்க அண்ணன் கணக்குதான் பாக்கி" என்றாள் அடுத்தபடியாக.

விஷயம் இதுதான், மச்சான். நேற்று நான் பேப்பர் வரவில்லை என்று பொய் சொன்னபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்று, என் உடம்பு ஒன்று போதாது என்று நினைத்து, 'ஐயாயிரம் மைல்னு அளந்து சொன்ன எங்க அண்ணனும் ஆயிரம் மைலுக்கு ஒரு சுத்து உருளுவாரு' என்று உம்மையும் சேர்த்து வேண்டிக்கொண்டாளாம். அதோடு, விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிப் பாதி வழி வந்து, மறுபடி கெய்ரோவுக்கே திரும்பிப் போய், மறுபடி புறப்பட்டு வந்திருக்கிறதே, அந்தப் போக்குவரத்துக்கு என்ன கணக்கு என்று என்னைக் கேட்டாள். அவளே, "ஏரோப்ளேன் எங்கெங்க போவுதோ அத்தனையும் தூரம்னு எங்க அண்ணந்தானே சொல்லிச்சி?" என்று சொல்லிக்கொண்டாள். தேவசகாயம் சிலேட்டு எடுத்துவரப் போயிருக்கிறார். ரோட்டு மைலிலேயே போடுவதாகச் சொல்கிறார்.

ராஜாமணி வியாழக்கிழமை மதராஸிலிருந்து வருகிற வண்டியில் வருகிறான். உம்மூர் வழியாகத்தான் வரவேண்டும். நீரும் திண்டிவனத்தில் அதே வண்டியில் ஏறி அவனோடு வந்துவிடும். வருகிறபோது மாற்று வேட்டி ஒன்று கூடுதலாக எடுத்து வாரும். அவசரமில்லை, நூலை நன்றாக இழுத்துப் பிடித்து, நிதானமாக அளந்து பார்த்து, நேரில் வந்து சொல்லும்: லண்டனுக்கும் பம்பாய்க்கும் எத்தனை மைல்?